80 கி.மீ. வேகத்தில் வரும் கார் நிற்க 466 மீட்டரா? கணக்கில் எங்கே தப்பு?

பிளஸ்ஒன்_கணக்கு:
காய்ந்த தார்ச் சாலை, உராய்வுக் குணகம் (டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிமானத்தின் அளவு) 0.7, வேகம் மணிக்கு 80 கி.மீ. மூன்றாவது இயக்கச் சமன்பாட்டில் இறுதி வேகத்தைச் சுழியாக்கி, 80-ன் வர்க்கத்தை 2 × 0.7 × 9.8-ஆல் வகுத்தேன். 466 மீட்டர் வருகிறது. கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர்! அப்புறம், காரின் எடை எங்கேயும் வரவில்லையே. ஐந்து பேர் உட்கார்ந்தாலும் அதே தூரம்தானா?

சக்கரம்:
அலகில்தான் கோட்டை விட்டிருக்கிறீர்கள். 9.8 என்ற புவியீர்ப்பு முடுக்கம் மீட்டர், நொடிக் கணக்கு, அதோடு கி.மீ./மணியைக் கலக்கக் கூடாது. 80-ஐ 3.6-ஆல் வகுத்தால் 22.2 மீ/வி. வர்க்கம் 494. அதை 13.72-ஆல் வகுங்கள், 36 மீட்டர்.

ஆனால் இது பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் மட்டும். ஆபத்தைப் பார்த்து, கால் பெடலுக்குப் போய் அமுக்க 1.5 நொடி என்று வையுங்கள். அதுவரை கார் வேகம் குறையாமல் 22.2 × 1.5 = 33 மீட்டர் போய்விடும். ஆக மொத்தம் 69. தேர்வில் பாதிப் பேர் இந்த 33-ஐ விட்டுவிடுவார்கள்.

எடை: உராய்வு விசை நிறையைப் பொறுத்துக் கூடும், ஆனால் நிறுத்த வேண்டிய நிறையும் அதே அளவு கூடுகிறது. இருபுறமும் அடிபட்டுப் போகும்.

தார்_ஜல்லி:
அடிபடுவது தாளில், அதுவும் டயர் பிடிமானம் மட்டுமே எல்லையாக இருக்கும்வரை. 1,400 கிலோ காரை 80-லிருந்து ஒரு முறை நிறுத்தினால் சுமார் 346 கிலோஜூல் வெப்பம் பிரேக்கில் இறங்குகிறது. சுமை ஏற ஏற அதுவும் ஏறும். மலை இறக்கத்தில் காலை எடுக்காமல் பிரேக் பிடித்தால், ஈரம் ஏறிய பழைய பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அங்கே சமன்பாடு உதவாது, எஞ்சினே வேகத்தைப் பிடித்து வைக்கும் இரண்டாவது கியர்தான் உதவும்.

இறக்கத்துக்குக் குணகத்திலிருந்து சரிவைக் கழியுங்கள். 6 சதவீத இறக்கம் என்றால் 0.64, 36 மீட்டர் 39 ஆகிறது. பெரிய வித்தியாசமில்லை. மழைதான் ஆளைக் கவிழ்க்கும். குணகம் 0.4 என்றால் பிரேக் தூரம் மட்டும் 63, மொத்தம் 96. அதனால்தான் இந்தியச் சாலை வடிவமைப்பில் 2.5 நொடியும் 0.35-ம் வைக்கிறார்கள்: 56 + 72, அதாவது ஓட்டுநருக்கு முன்னால் 128 மீட்டர் சாலை தெரிய வேண்டும் என்ற பார்வைத் தூரம்.

உங்கள் காருக்கான குணகம் வேண்டுமா? ஆளில்லாத மைதானத்தில் ஜிபிஎஸ் காட்டும் 40-ல் அழுத்திப் பிடித்து, பிரேக் தொட்ட இடத்திலிருந்து நின்ற இடம்வரை அளங்கள். 9 மீட்டர் வந்தால் 0.7. டாஷ்போர்டு முள்ளை நம்ப வேண்டாம், அது கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்.

பிளஸ்ஒன்_கணக்கு:
அலகு புரிந்தது, நன்றி. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) இருந்தால் தூரம் குறையுமா? 100-ல் போனால் கால்வாசிதானே கூடும்?

சக்கரம்:
ஏபிஎஸ்ஸின் முதல் வேலை ஸ்டியரிங்கைக் கையில் வைத்திருப்பது. ஈரத் தாரில் தூரமும் குறையும். சரளை மண்ணில் நேர்மாறு: பூட்டிய சக்கரம் தன் முன்னால் மண்ணைக் குவித்து அதில் முட்டி நிற்கும், ஏபிஎஸ் அதற்கு விடாது.

100-க்கு: கால்வாசி கூடுவது பிரேக் பிடிக்கும் முன் ஓடும் முதல் பகுதி மட்டும், 42 மீட்டர். பிரேக் தூரம் வர்க்கத்தில் போவதால் 56. மொத்தம் 98. ஆனால் இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 80-ல் வந்த கார் நிற்கிற அந்த 69-ஆவது மீட்டரில், 100-ல் வந்த கார் பிரேக் பிடித்து ஓடியது 27.6 மீட்டர்தான். 27.8-ன் வர்க்கம் 772. அதில் 2 × 6.86 (0.7 × 9.8) × 27.6-ஐக் கழித்தால் 393, வர்க்கமூலம் 19.8 மீ/வி. குறுக்கே நிற்கும் லாரியில் மோதும்போது வேகம் 71 கி.மீ.