கரகரத்த குரலுக்கு ஒரு விருது

தங்கச்சிமடத்திலிருந்து:
எங்கள் அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறைச் சந்தில் முங்கி எடுப்பார். வாடைக்காற்றில் ஒருவரையொருவர் கத்திக் கூப்பிட்டே குரல் கரகரத்துப் போச்சு. எனக்கும் அதே குரல். கோயில் பாடகர் குழுவில் "அடக்கிப் பாடும்மா" என்று சொல்லிக் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள்.

ஒருநாள் அண்ணன் போனில், கரகரத்த குரலில் பாடிய அமெரிக்கப் பாடகி டினா டர்னரின் கச்சேரியைக் காட்டினான். ராக் இசை பாடும் பெண்களுக்கென்று கிராமியில் (அமெரிக்காவின் பெரிய இசை விருது) இருந்த விருதை 1985-ல் அவர் முதல்முறை வாங்கியபோது வயது 45. அப்புறம் 1986, 1987, 1989 என்று இன்னும் மூன்று. அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இந்தம்மா பாசிக்கு வந்திருந்தா தீவுல நிக்கிறவளுக்கும் கேக்கும்" என்றார். அன்றிலிருந்து நான் அடக்கிப் பாடுவதில்லை.

கீழக்கரையிலிருந்து:
அந்த விருது இப்போது இல்லை, தெரியுமா அக்கா? 1980-ல் தொடங்கியது. முதலில் வாங்கியவர் டோனா சம்மர், டிஸ்கோ என்ற நடன இசைக்கு ராணி என்று பெயர் எடுத்தவர் (ராக்குக்கு வேறு ஆளா இல்லை!). அடுத்த நான்கு வருடமும் ராக் பாடகி பாட் பெனட்டார். இடையில் சேர்ப்பதும் பிரிப்பதுமாக இருந்து, 2005-ல் ஆண், பெண் இரண்டையும் ஒரேயடியாகச் சேர்த்துவிட்டார்கள். அதன்பின் 2011 வரை ஏழு முறையும் வாங்கியது ஆண்கள். அதில் நான்கு ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுக்கு.

நான் பாடிய ஒரு போட்டியிலும் இதே கூத்துதான். "எல்லாரும் சமம்" என்று பெண்கள் பிரிவை எடுத்தார்கள். இறுதிச் சுற்றில் எட்டுப் பேரில் நான் ஒருத்தி. நடுவர்கள் மூவரும் ஆண்கள். சமமாம்!

ராமநாதபுரத்திலிருந்து:
கீழக்கரைத் தங்கச்சி சொல்வது சரிதான். ஆனால் 2021 கிராமியில், ராக்கைச் சிறப்பாகப் பாடி இசைத்ததற்கான விருதுப் (Best Rock Performance) பட்டியலில் வந்த ஆறுமே பெண் குரல்கள். வென்றவர் ஃபியோனா ஆப்பிள். காலம் எடுத்தாலும் நடந்திருக்கிறது.

நான் மைக் செட் போடுகிறவன். பொம்பளைப் பிள்ளை பாட ஏறினாலே பேஸை, அதாவது குரலின் கனத்தை, குறைத்து எக்கோவை ஏற்றிவிடுவேன். இருபது வருடப் பழக்கம், யாரும் கேட்டதில்லை. போன மாதம் தேவிபட்டினம் பக்கம் ஒரு கல்யாண வீட்டில், ஒரு பிள்ளை இரண்டு வரி பாடிவிட்டு நிறுத்தி, மைக்கிலேயே சொன்னது: "அண்ணே, எக்கோவ எடுத்துருங்க. பேஸ் எனக்கு வேணும்."

எடுத்தேன். பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.