டெட் டிரிஃப்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். நியூ மெக்சிகோவின் சான் ஹுவான் ஆற்றில் குளிர்கால டிரவுட் மீனுக்கான ஈத்தூண்டில் (முள்ளில் கட்டிய செயற்கை ஈயால் மீன் பிடிப்பது) பற்றிய கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'டெட் டிரிஃப்ட்', அதாவது ஈ இழுபடாமல் நீரின் போக்கிலேயே போவது, அதற்குத் தமிழ்ச் சொல் ஒன்றுதான் பாக்கி. நவாஹோ அணையின் அடியாழத்திலிருந்து வரும் நீர் என்பதால் ஆறு அங்கே உறையாது. 6 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கும். அந்தக் குளிரில் மீன் இரையைத் துரத்தாது. மந்தமான மடுவில் தரையோடு கிடந்து, வாய்க்கு நேரே வருவதை மட்டும் எடுக்கும். 22, 24ஆம் எண் குட்டி முள்ளில் கட்டிய மிட்ஜ் (கொசு போன்ற சிறு ஈ), நீரின் வேகத்திலேயே வரவேண்டும். மேல்நீர் வேகம், அடிநீர் மந்தம். தூண்டில் நரம்பு வளைந்து ஈயை இழுத்தால் மீன் திரும்பிப் பார்க்காது. 'இழுவையில்லா மிதப்பு' என்று போட்டிருக்கிறேன். சரியா?

---

> இழுவையில்லா மிதப்பு

மிதப்பது தக்கைதான், ஐயா. ஈ, ஈயக்குண்டின் கனத்தில் அடியோடு போகிறது. ஆழத்தைப் போல் ஒன்றரை மடங்கு தள்ளித் தக்கையைக் கட்டச் சொல்லிவிட்டு 'மிதப்பு' என்றால் படிப்பவர் குழம்புவார். பூங்குன்றனார் தந்த சொல் இருக்கிறதே: 'நீர்வழிப் படூஉம் புணைபோல'. நீர்வழிப்படல். வினையாகவும் நிற்கும்: 'ஈ நீர்வழிப்படவில்லை'.

---

அருமை. ஆனால் படு, பாடு ஆகும் வழக்கப்படி யாராவது 'நீர்வழிபாடு' என்று எழுதிவிடுவார்கள். ஆற்றுக்குப் பூசை என்றாகிவிடும். வழிபடு என்பதற்கும் முதற்பொருள் பின்பற்றிச் செல்லுதல்தான். ஒற்று மிகுந்தால் ஆற்றின் போக்கு, மிகாவிட்டால் தொழுகை. இந்த ஒற்றைப் பற்றித் தனி இழையே தொடங்கலாம்.

---

இழை பிறகு. கையுறையோடு நடுங்கிக்கொண்டு நிற்பவருக்குப் புறநானூறு எதற்கு? 'ஓட்டத்தோடு விடு' போதும். தூண்டில் கோலில் நரம்பு ஓடும் வளையங்களில் பனிக்கட்டி அடைப்பதையும் அங்கேயே எழுதுங்கள். நரம்பை இழுத்துச் சுருட்டும்போதெல்லாம் ஒட்டிவரும் நீர் வளையத்தில் உறைகிறது. பிறகு நரம்பு நழுவாது, தளர்வு கிடைக்காது, ஈ இழுபடும். நரம்பின் நீளத்தை மாற்றாமல் வீசவேண்டும்; அடைத்தால் கோலை நீரில் முக்கிக் கரைக்கவேண்டும், விரலால் உடைத்தால் கோல்நுனி முறியலாம்.

---

நேரமில்லை. தலைப்பில் 'நீர்வழிப்படல்', செய்முறையில் 'ஓட்டத்தோடு விடு'. பெரும்பாலோர் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

---

நான் ஒத்துக்கொள்ளவில்லை. 'விடு' என்றால் கையைக் கட்டி நிற்கலாம் என்று படும். தக்கையை நரம்பு முந்துமுன் நரம்பைத் தூக்கி மேலோட்டப் பக்கம் போட்டுக்கொண்டே இருந்தால்தான் ஈ நீர்வழிப்படும். அந்த 'மெண்டிங்'குக்கும் சொல் இல்லை. 'புரட்டு' வேண்டாம், அது பொய்க்குப் போய்விட்டது. 'மறித்துப்போடு' என்கிறேன்.