இம்ப்ளான்ட் ஆய்வகத்தோடு சேரச் சொல்கிறவர்களே, அந்தக் கம்பிக்குச் சான்றிதழ் எங்கே?

அம்பத்தூர்ப் பட்டறை:
நேற்று கிண்டி ஆய்வாளர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. சென்னையின் சிறு பட்டறைக்காரர்கள் எல்லாம் பல்கலைக்கழக ஆய்வகங்களோடு சேர்ந்து, உடலுக்குள் பொருத்தும் கருவிகளைச் செய்ய முன்வர வேண்டுமாம். "உங்களிடம் சிஎன்சி (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) இருக்கிறது, எங்களிடம் வடிவமைப்பு இருக்கிறது" என்கிறார். அதுவரை சரி. அடுத்த வரியில், "டைட்டானியம் எங்கே வாங்கினாலும் டைட்டானியம்தான், சான்றிதழைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். இந்த ஒரு வரியால்தான் நான் கெட்டேன்.

இந்த நகரத்து ஆய்வகம் ஒன்று, பெயர் வேண்டாம், எலும்புத் திருகு கடைந்துதரக் கேட்டு வந்தது. மாணவர் ஒருவர் தோள்பையிலிருந்து டைட்டானியக் கம்பிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். எந்த உருக்கில் வந்த உலோகம் என்று சொல்லும் ஹீட் நம்பர் இல்லை, உலோக ஆலை தரும் மில் சான்றிதழ் இல்லை, வாங்கிய பில்கூட இல்லை. கேட்டதற்கு "மாதிரிதானே" என்றார்கள். கடைந்து கொடுத்தோம். செல் சோதனை நடந்தது, முயலில் சோதனை நடந்தது, ஆய்வுக் கட்டுரையும் வெளிவந்தது. பிறகு உரிமம் வாங்கித் தயாரிக்க ஒரு நிறுவனம் வந்தது. அவர்கள் கேட்ட முதல் காகிதமே கம்பியின் சான்றிதழ். இல்லையென்றதும் எழுந்து போய்விட்டார்கள். ஆய்வகத்துக்குக் கட்டுரை மிஞ்சியது. எனக்குப் பாதிப் பணம் வராத பில் மிஞ்சியது.

ஒரே கேள்வி. கடைந்து முடித்த கம்பிக்கு எந்த ஆலை பிறகு வந்து காகிதம் எழுதித் தரும்?

கிண்டி ஆய்வாளர்:
என் பதிவிலிருந்து ஒரு வரியைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வழக்குத் தொடுக்கிறீர்கள். நான் சொன்னது முதல்கட்ட மாதிரிகளைப் பற்றி. திருகின் புரி சரியாக வெட்டியிருக்கிறதா, எலும்பில் பிடிக்கிறதா என்று இழுத்து உடைத்துப் பார்க்கும் கட்டத்தில் இம்ப்ளான்ட் தரக் கம்பியை வாங்குவது பொதுப்பணத்தை வீணடிப்பது.

டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்று கண்டறிந்த ஸ்வீடன் பேராசிரியர் பிரோனமார்க், 1965-இல் முதல் நோயாளிக்குப் பல் இம்ப்ளான்ட் பொருத்தினார். காது கேளாதோருக்கான பல முனைக் காக்ளியர் கருவியை மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கிரேம் கிளார்க்கின் குழு 1978-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தியது. இரண்டும் பல்கலைக்கழக ஆராய்ச்சியில் பிறந்தவை. இன்று தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் நம் குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறதென்றால் அதன் வேர் ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஒரு பட்டறைக்காரருக்குப் பில் தொகை வரவில்லை என்பதற்காக ஆய்வகங்கள் கதவை மூட முடியாது.

அம்பத்தூர்ப் பட்டறை:
மெல்போர்னைப் பற்றி நான் கேட்கவில்லை. ஸ்வீடனைப் பற்றியும் கேட்கவில்லை. கம்பிக்குச் சான்றிதழ் எங்கே என்று கேட்டேன்.

இழுத்து உடைக்கும் மாதிரிக்கு எந்தக் கம்பியும் போதும் என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அதே கம்பியில் செய்த திருகுதான் முயலின் எலும்புக்குள் போனது. எப்போது மாதிரி முடிந்து கருவி தொடங்கியது என்று உங்கள் ஆட்கள் யாராவது கோடு போட்டு வைத்தார்களா?

தரப்பிரிவு அலுவலர்:
நான் மருத்துவக் கருவி நிறுவனம் ஒன்றில் தரப்பிரிவில் இருப்பவள். இரண்டு பேரும் பாதி பாதி பேசுகிறீர்கள். 2018 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-இல், சோதனைக்காகச் சிறு அளவில் தயாரிக்கவே எம்டி-13 என்ற சோதனை உரிமம் வேண்டும். மனிதர்களில் ஆய்வு செய்ய எம்டி-23 என்ற அனுமதி. இம்ப்ளான்ட் என்றால் எந்தப் பொருள், எந்தத் தொகுப்பு, எந்த நோயாளிக்குப் போனது என்பதுவரை பின்தொடரும் பதிவுகள் இருக்க வேண்டும். இந்த உரிமங்களை எந்த ஆய்வகமும் "பிறகு" என்று தள்ளிவைக்க முடியாது.

அதோடு, ஐஎஸ்ஓ 10993 என்ற சர்வதேசத் தரநிலையின்படி, பொருள் உடலுக்குத் தீங்கு செய்யுமா என்று பார்க்கும் உயிரி இணக்கச் சோதனையை, கழுவி, கிருமி நீக்கி முடித்த இறுதி வடிவத்தில் செய்ய வேண்டும். கம்பியின் சான்றிதழ் சுத்தமாக இருந்தாலும், அம்பத்தூரில் கடையும்போது பட்ட கூலன்ட் (சூடு தணிக்கும் திரவம்) புரிகளுக்குள் தங்கியிருந்தால் செல்கள் செத்துப்போகும். எத்தனை பட்டறைகளில் கடைசிக் கழுவலுக்குப் பதிவேடு இருக்கிறது?

அம்பத்தூர்ப் பட்டறை:
அம்மா, கூலன்டைக் கழுவலாம். பிறப்புச் சான்றிதழ் இல்லாத கம்பியை என்ன செய்தாலும் பிறப்பு வராது. என் பட்டறையில் கழுவல் பதிவேடு உண்டு, வந்து பாருங்கள். விண்வெளித் துறைக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்த பட்டறை இது.

கிண்டி ஆய்வாளர்:
சான்றிதழ் சான்றிதழ் என்று ஒரே பாட்டு. அந்தக் காகிதம் என்ன சொல்கிறது? உலோகத்தின் சேர்மானத்தை. அதை எங்கள் எக்ஸ்ரே கருவியிலேயே பார்த்துவிடலாம். அலுமினியம் 6 சதவீதம், வனேடியம் 4 சதவீதம், மீதி டைட்டானியம். தொழிலில் கிரேடு 5 என்று சொல்லும் கம்பி. ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் எஃப்1472 தரநிலை இதே சேர்மானத்தை இம்ப்ளான்டுக்கு ஏற்கிறது. படித்துவிட்டு வாருங்கள்.

அம்பத்தூர்ப் பட்டறை:
படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். எஃப்1472-இல் இரும்பு 0.30 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. தொழிற்சாலைக் கம்பிக்கான பி348 தரநிலையில் கிரேடு 5-க்கு 0.40 வரை போகலாம். எலும்புத் திருகுக்கு எல்லோரும் கேட்கும் எஃப்136 தரநிலையில் ஆக்சிஜன் 0.13 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், கிரேடு 5-இல் 0.20 வரை விடுவார்கள். ஆக்சிஜன் கூடினால் உலோகம் வலுக்கும், ஆனால் வளையாமல் விரிசல் விடும். உடலுக்குள் ஆண்டுக்கணக்கில் அசைந்துகொண்டே இருக்கும் திருகு இது.

இப்போது சொல்லுங்கள். உங்கள் எக்ஸ்ரே கருவி ஆக்சிஜனைக் காட்டுமா? காட்டாது. அதற்குக் கம்பித் துண்டை உருக்கி வாயுவை அளக்கும் வேறு கருவி வேண்டும். முனைவர் பட்டம் வாங்கியவருக்கு டிப்ளமோ படித்தவன் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிண்டி ஆய்வாளர்:
பட்டத்தை இழுத்தது நீங்கள். ஆக்சிஜனை உருக்கி அளக்கும் வசதி இந்த நகரத்திலேயே உண்டு, கட்டணம் கட்டினால் போதும். ஆகவே சான்றிதழைப் பிறகும் பார்க்கலாம் என்ற என் வாக்கியம் அப்படியே நிற்கிறது.

அம்பத்தூர்ப் பட்டறை:
அளக்கலாம். அளந்தீர்களா?

சைதாப்பேட்டை மாணவி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இதுபோன்ற ஆய்வகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. நரம்பைத் தூண்டும் இம்ப்ளான்ட் பற்றியது. சேருவதற்கு முன் வழிகாட்டியிடம் என்ன கேட்க வேண்டும்?

தரப்பிரிவு அலுவலர்:
தங்கையே, மூன்றைக் கேள். விலங்குச் சோதனைக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கியாயிற்றா, அல்லது உன் ஆய்வுக் காலத்தில்தான் வாங்க வேண்டுமா? உடன் நிற்கும் அறுவை மருத்துவர் யார், மாதத்துக்கு ஒருமுறையாவது ஆய்வகத்துக்கு வருகிறாரா? மாநாட்டில் பேசுவதற்கு முன் காப்புரிமை விண்ணப்பத்தைப் பதிவார்களா? முதலில் வெளியிட்டுவிட்டால் புதுமை போய்விடும், பிறகு காப்புரிமை கிடைப்பது கடினம்.

அம்பத்தூர்ப் பட்டறை:
நான்காவதாக, மூலப்பொருளின் சான்றிதழ் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். நரம்பு மின்முனையானால் பிளாட்டினம். அதற்கும் காகிதம் உண்டு.

புரசைவாக்கம் பெரியவர்:
இளைஞர்கள் சண்டை போடும்போது நம் சாதனையை மறக்கிறீர்கள். டிடிகே சித்ரா இதய வால்வு. மருத்துவர் வலியத்தான் தலைமையில் மூன்று வடிவமைப்புகள் தோற்று, நான்காவது வென்று, 1990-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். ஆராய்ச்சி நிறுவனமும் சென்னை நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை அது. சேர்ந்தால் முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

திருவான்மியூர்வாசி:
பெரியவரே, வால்வு செய்தது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனம். அதைச் சென்னைக் கணக்கில் எழுதாதீர்கள்.

புரசைவாக்கம் பெரியவர்:
டிடிகே எந்த ஊர் நிறுவனம்? தயாரிக்கப் பணம் போட்டது யார்? நான் சென்னைக் கணக்கில் எழுதவில்லை, சென்னையும் இருந்தது என்றேன்.

திருவான்மியூர்வாசி:
தொழிற்சாலையும் திருவனந்தபுரத்தில்தான். தமிழ்நாட்டு இம்ப்ளான்ட் என்று பெருமைப்பட வேண்டுமானால் மதுரைக்குப் போங்கள். ஆரோலேப் 1992-இல் தொடங்கிக் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸைச் செய்து விலையை இறக்கியது. அதைப் பல்கலைக்கழக ஆய்வகம் செய்யவில்லை, கண் மருத்துவமனை செய்தது.

கிண்டி ஆய்வாளர்:
சித்ரா வால்வை நினைவூட்டியதற்குப் பெரியவருக்கு நன்றி. முதல் மூன்று வடிவமைப்புகள் தோற்றன என்பதைக் கவனியுங்கள். தோற்கும் சுதந்திரம் ஆய்வகத்துக்கு வேண்டும். முதல் நாளே காகிதம் கேட்கும் பட்டறைக்காரரோடு சேர்ந்திருந்தால் நான்காவது வால்வு வந்தே இருக்காது.

அம்பத்தூர்ப் பட்டறை:
தலைகீழாகப் பேசுகிறீர்கள். எந்தப் பொருளில் செய்தோம் என்று எழுதி வைத்திருந்ததால்தான் மூன்று தோல்வியிலும் எது கெட்டது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. அந்த நான்காவது வால்வின் கூடு ஹெய்ன்ஸ்-25 கோபால்ட் உலோகக் கலவை, வட்டு மிக உயர் மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீன், சுற்று வளையம் பாலியஸ்டர் என்று இன்றும் சொல்ல முடிகிறதே, எப்படி? என் கையில் கொடுத்த கம்பி எந்த ஆலையில் பிறந்தது என்று அந்த ஆய்வகத்தால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. அந்தத் திருகு தோற்றிருந்தால் குற்றம் உலோகத்திலா, என் கடைசலிலா, வடிவத்திலா என்று எவராலும் சொல்லியிருக்க முடியாது. குற்றம் யார் தலையில் விழுந்திருக்கும்? கடைந்தவன் தலையில். அதற்காகத்தான் இத்தனை முறை கேட்கிறேன்.

ஒப்பந்தத்தையும் சொல்கிறேன். காப்புரிமை முழுவதும் அவர்களுக்கு. புரியின் கோணத்தை மாற்றச் சொன்னது என் பட்டறையில் இருபது வருடம் நின்ற லேத்காரர். கட்டுரையில் அவர் பெயர் நன்றி வரியில்கூட இல்லை.

அரசு மருத்துவமனை எலும்பு மருத்துவர்:
உடைந்த திருகை எடுக்கும் அறுவை சிகிச்சையை நான் செய்கிறேன். பொருத்துவதைவிட எடுப்பது கடினம். எனக்கு ஆய்வகத்தோடு சேர விருப்பம் உண்டு, ஆனால் என் கேள்வி வேறு. அமெரிக்காவில் ஆர்கஸ் 2 என்ற விழித்திரைக் கருவி 2013-இல் அனுமதி பெற்றது. சில ஆண்டுகளில் நிறுவனம் தயாரிப்பை நிறுத்தியது. கண்ணுக்குள் கருவி இருந்தவர்கள் பழுது பார்க்க ஆளின்றி நின்றார்கள். மாணவி சேரப்போவது நரம்புக் கருவி. நிதி முடிந்ததும் நோயாளியை யார் பார்ப்பார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுகிறீர்களா?

அம்பத்தூர்ப் பட்டறை:
மருத்துவர் ஐயா, மிகச் சரி. ஆனால் நோயாளியைப் பின்தொடர வேண்டுமானால் முதலில் கருவியைப் பின்தொடர வேண்டும். கருவியைப் பின்தொடர வேண்டுமானால் கம்பி.

அரசு மருத்துவமனை எலும்பு மருத்துவர்:
நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

சைதாப்பேட்டை மாணவி:
மருத்துவரின் கேள்வியைத்தான் வழிகாட்டியிடம் முதலில் கேட்பேன். ஆய்வு உதவித்தொகை மூன்றாம் ஆண்டில் நின்றால் என்னவாகும் என்றும் கேட்க நினைக்கிறேன், அதைக் கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வார்களா?

தரப்பிரிவு அலுவலர்:
தவறாக எடுத்துக்கொள்கிற ஆய்வகத்தில் சேராதே.

கிண்டி ஆய்வாளர்:
மாணவியைப் பயமுறுத்தாதீர்கள். எங்கள் பிள்ளைகள் நள்ளிரவுவரை ஆய்வகத்தில் நிற்கிறார்கள். "தோள்பையில் கொண்டுவந்தார்" என்று அம்பத்தூர்க்காரர் எழுதியது அந்தப் பிள்ளைகளை இழிவுபடுத்துகிறது. வண்டிச் செலவுக்கு நிதியில் இடமில்லாததால் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறார்கள்.

அம்பத்தூர்ப் பட்டறை:
பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியவன் நான். காகிதம் இல்லாமல் அவனை அனுப்பிய பேராசிரியரைச் சொல்கிறேன்.

கிண்டி ஆய்வாளர்:
பேராசிரியர்களைப் பொதுவில் பழிப்பது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. போன வருடம் வேறொரு விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள். எங்கள் அடுத்த திருகு மாதிரிகளைத் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறைக்குக் கொடுக்கிறோம். அவர் கேள்வி கேட்காமல் தேதிக்குத் தருகிறார்.

அம்பத்தூர்ப் பட்டறை:
கேள்வி கேட்காமல் கடைகிறவர் கிடைத்திருக்கிறார் என்பதைச் சாதனையாக எழுதுகிறீர்கள். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் எனக்குத் தெரியாத பட்டறை இல்லை. திங்கட்கிழமை போய், கம்பியின் ஹீட் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கும்படி அவரிடம் சொல்லப்போகிறேன்.

கிண்டி ஆய்வாளர்:
போங்கள். வரைபடம் எங்களுடையது, கம்பியும் எங்களுடையது.

அம்பத்தூர்ப் பட்டறை:
கம்பி உங்களுடையது என்பதற்குப் பில் இருக்கிறதா?