புதுப்பிப்பு: சித்தப்பாவின் காய்ச்சலும் பக்கவாதமும், எம்ஆர்ஐயில் தெரிந்தது

குடியாத்தத்தில் இருக்கும் சித்தப்பாவுக்கு வாரக்கணக்கில் காய்ச்சல், தலைவலி, அப்புறம் திடீரென்று வலது கை வரவில்லை, சிடி ஸ்கேன் நார்மல் என்று முன்பு எழுதியிருந்தேன். காய்ச்சலால் பக்கவாதம் வருமா என்றும் கேட்டிருந்தேன். வருமாம். அவருக்கு வந்திருப்பது காசநோய்க் கிருமியால் வந்த மூளைக்காய்ச்சல்.

வேலூரில் சேர்த்து, முதுகுத் தண்டில் நீர் எடுத்துப் பார்த்தார்கள். மருந்து ஏற்றி எம்ஆர்ஐ எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தைத் திரையில் போட்டே காட்டினார். மூளையின் அடிப்பாகத்தில் உறை தடித்து வெள்ளையாக இருந்தது. மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள் வளையமாகக் கூடுவதும் அங்கேதான். காசநோயின் கெட்டியான கசிவு அங்கே தேங்கி, குழாய்ச் சுவரை வீங்க வைத்து உள்வழியைச் சுருக்கிவிடும். ரத்தக்குழாய்களை மட்டும் காட்டும் படத்தில் இடது பக்கக் குழாய் ஓரிடத்தில் நூலாக இளைத்திருந்தது. அதிலிருந்து பிரியும் மெல்லிய கிளைகள் அடைபட்டு, மூளைக்குள்ளே சின்னதாக ஒரு பகுதி பட்டுப்போயிருக்கிறது. மூளையின் இடது பக்கம்தான் வலது கையை இயக்குவதாம். டிஃப்யூஷன் என்ற, புதிய அடைப்பைக் காட்டும் எம்ஆர்ஐ படத்தில் அது பளிச்சென்று தெரிந்தது. இத்தனை சிறிய, புதிய அடைப்பு சிடியில் தெரியாமல் போவது சகஜமாம். அதனால் இப்படிக் காய்ச்சலோடு கை கால் இழுத்தால், சிடி நார்மல் என்ற ஒரு வரியோடு தயவுசெய்து வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

இப்போது காசநோய் மாத்திரையோடு ஸ்டீராய்டும் போகிறது. ஸ்டீராய்டைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். மாத்திரை ஒரு வருடம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதைப் பார்த்துச் சித்தி பயந்துவிட்டார். அது காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசினின் நிறம், பயப்பட ஒன்றும் இல்லை. கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். முந்தைய பதிவில், பக்கவாதத்துக்கு ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்று கேட்டவருக்கு: அது டாக்டர் முடிவு, நாமாகத் தொடக் கூடாது.

கை இன்னும் முழுசாக வரவில்லை. விரல்கள் மடங்குகின்றன, டம்ளரைப் பிடிக்கிறார், தூக்க முடியவில்லை. பிசியோதெரபி குடியாத்தத்திலேயே தொடர்கிறது.