குனிந்து தரை துடைத்தால் சுகப்பிரசவமா?

தேனிமலர்:
இது 22-வது வாரம், முதல் குழந்தை. உண்டாவதற்கு முன்பு தினமும் ஒரு மணி நேரம் நடப்பேன், சனி ஞாயிறு ஷட்டில் ஆடுவேன். இப்போது எனக்காக இரண்டு கட்சி. அம்மா போனில் "படி ஏறாதே, படுத்தே இரு" என்கிறார். மாமியார் நேர் எதிர்: "வாக்கிங் எல்லாம் எதற்கு? மாப் குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குனிந்து துடை, ஏழாம் மாதத்திலிருந்து தோப்புக்கரணம் போடு, குழந்தை வழுக்கிக்கொண்டு வந்துவிடும்." டாக்டரிடம் கேட்டேன். "நார்மலா இருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். ஸ்கேனில் குறையில்லை, பிரஷர் சரி, ஹீமோகுளோபின் 10.4. நான் எந்தக் கட்சியில் சேர?

திருவாரூர் அத்தை:
மாமியார் கட்சிதான் கண்ணு, சந்தேகமே வேண்டாம். நான் மூன்று பெற்றவள். வலி எடுத்த அன்று காலைவரை நடவுக்குப் போனேன், அம்மியில் அரைத்தேன். மூன்றிலும் கத்தி படவில்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியனாம், 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் இருப்பதை என் பேத்தி எடுத்துக் காட்டினாள். உட்கார்ந்த இடத்திலேயே இருந்தால் வேறென்ன நடக்கும்?

நர்ஸம்மா (ஓய்வு):
கோபித்துக்கொள்ளாதீர்கள் அத்தை. உங்களோடு நடவு நட்டு, பிரசவத்தில் போய்ச் சேர்ந்தவர்கள் இங்கே வந்து பதில் எழுத முடியாது. 2018-20 கணக்கில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு 54 தாய்மார் இறந்தார்கள். உங்கள் காலத்தில் அது பல மடங்கு.

அப்புறம், நடவு என்பது வேலை, உடற்பயிற்சி இல்லை. பயிற்சியில் களைத்தால் நிறுத்தலாம். நடவில் வரிசை பின்னே நகரும்போது நீங்கள் மட்டும் நிமிர்ந்து நிற்க முடியுமா?

கிராம சுகாதார செவிலியராக இருந்தபோது செங்கல் சூளையில் வேலை செய்த ஒரு பெண் எட்டாம் மாதத்தில் வந்தாள். கால் வீங்கி, மெட்டி விரலுக்குள் புதைந்துகிடந்தது. "நடந்தால் வீக்கம் வடியும்" என்று மாமியார் தினமும் சாயங்காலம் நடக்கவிட்டிருக்கிறார். பிரஷர் 160/110, சிறுநீரில் புரதம். அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்த நிலையில் நடக்கவிடவே கூடாது. அதைச் சொல்ல ஒரு பி.பி. கருவி வேண்டியிருந்தது.

கோவை ஜிம்காரன்:
கட்சி பேசுவதை விட்டுக் கணக்குப் பேசுவோம். சிக்கல் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லிவிட்டது. செரீனா வில்லியம்ஸ் 2017 ஆஸ்திரேலிய ஓபனை வென்றபோது ஏறக்குறைய இரண்டு மாதம். அலிசியா மொன்டானோ 2014-இல் 34 வார வயிற்றோடு 800 மீட்டர் ஓடினார். ஷட்டிலையும் விட வேண்டாம் சகோதரி, நாடித்துடிப்பு 140-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நர்ஸம்மா (ஓய்வு):
தம்பி, 150 சரி. 140 தப்பு. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 1985-இல் வைத்த கணக்கு அது, 1994-இல் அவர்களே எடுத்துவிட்டார்கள். வாட்சே தேவையில்லை: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதம்.

செரீனாவுக்கு அது அன்றாடத் தொழில். இந்தப் பெண்ணுக்கு 22 வாரம். மூட்டு இணைப்புகள் தளர்ந்திருக்கும், வயிறு முன்னே இழுக்கும். ஷட்டிலில் சட்டென்று திரும்பும்போது கால் தடுமாறும். எனக்குப் பயம் விழுவதில்தான். இனி நெடுநேரம் மல்லாந்து படுத்துச் செய்கிற பயிற்சியும் வேண்டாம். கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலை சுற்றும்.

கோவை ஜிம்காரன்:
140 விஷயத்தில் நான் அவுட். ஹரிகா 2022-இல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடில் ஒன்பதாம் மாதத்தில் ஆடினாரே, அதுவாவது பரவாயில்லையா?

நர்ஸம்மா (ஓய்வு):
தாராளமாக. அதில் யாரும் விழுவதில்லை.

மழைச்சாரல்:
எல்லாரும் சிரிக்கிறீர்கள். எனக்குப் போன வருடம் 9-வது வாரத்தில் கலைந்தது. இரண்டாம் மாடி வீடு, தினமும் ஏறி இறங்கினேன். யாரும் வாய்விட்டுத் திட்டவில்லை, ஆனால் வந்தவர்கள் எல்லாரும் ஒருமுறை படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். பத்து மாதம் படுத்திருந்தால் என்ன குறைந்துவிடும்? தேனிமலர் அம்மா சொல்வதில் என்ன தப்பு?

நர்ஸம்மா (ஓய்வு):
படிக்கட்டு செய்யவில்லை அம்மா. ஆரம்பத்தில் கலைகிறவற்றில் ஏறக்குறைய பாதி குரோமோசோம் பிழையால். நீங்கள் தரைவீட்டில் இருந்திருந்தாலும் அது நடந்திருக்கும்.

சும்மா படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டலாம், தசை இளைக்கும், சர்க்கரை ஏற வழி திறக்கும். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்தால், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தால், ரத்தம் படுகிறது என்றால் கதை வேறு. அப்போது எது கூடும், எது கூடாது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மற்றவர்களும் நடை பாதியில் ரத்தமோ நீரோ பட்டால், வயிறு விட்டுவிட்டு இறுகினால், நெஞ்சு வலித்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், நடையை விட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரி.

மழைச்சாரல்:
அறிவுக்குப் புரிகிறது. ஆனாலும் அடுத்த முறைக்கு முன்னால் தரைத்தள வீடு பார்த்துவிட்டேன். இதில் மட்டும் யாரும் வாதாட வேண்டாம்.

திருவாரூர் அத்தை:
அந்தப் பெண்ணை விடுங்கள். நர்ஸம்மா, ஒன்று மட்டும் சொல்லுங்கள். குனிந்து துடைப்பது தப்பா, தப்பில்லையா?

நர்ஸம்மா (ஓய்வு):
இடுப்பு வலிக்கவில்லையென்றால் தப்பில்லை அத்தை. தோப்புக்கரணமும் அப்படித்தான், ஒரு பிடிமானத்தோடு. தவறாமல் உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு சிசேரியன் கொஞ்சம் குறைகிறது என்பதும் உண்மை, அந்த அளவில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் முந்தைய பிரசவம் சிசேரியனா, குழந்தை எப்படித் திரும்பியிருக்கிறது, ஆஸ்பத்திரியின் வழக்கம் என்ன, இதையெல்லாம் துடைப்பம் மாற்றாது. சிசேரியன் ஆன பெண்ணிடம் "நீ ஒழுங்காகத் துடைக்கவில்லை" என்று சொல்கிறார்கள் பாருங்கள், அதற்குத்தான் நான் சண்டைக்கு வருகிறேன்.

தேனிமலருக்கு: 10.4 லேசான ரத்தசோகைதான், நடக்கலாம். மாத்திரையை விடாதே. பத்துப் பதினைந்து நிமிடத்தில் தொடங்கு, வெயில் தாழ்ந்த பிறகு, தண்ணீர் பாட்டிலோடு. அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் "நார்மலா" என்றால் எத்தனை நிமிடம் என்று கேட்டுவிடு.

தேனிமலர்:
நேற்றே மொட்டைமாடியில் தொடங்கிவிட்டேன், பதினைந்து நிமிடம். படி ஏறியதை அம்மாவிடம் சொல்லவில்லை. பேச்சுத் துணைக்கு மாமியாரும் வந்தார். மூன்றாவது சுற்றில் பேச முடியாமல் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்தது அவர்தான்.

திருவாரூர் அத்தை:
நாளைக்கும் கூட்டிக்கொண்டு போ. இரும்பு மாத்திரையை டீயோடு போடாதே.