ஃபயர்வால் முதல் நாளே இறுக்கமாக இருக்க வேண்டுமா?

சந்திக்கடை:
பரமேஸ்வரா சந்திப் பக்கம் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். போன கிழமை கடை வைஃபை மெதுவாகிவிட்டது. யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று போனில் ஸ்கேன் செய்தால், ஒரு லப்டொப்பில் 8000 ஆம் போர்ட் (நெட்வேர்க்கிலிருந்து உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்) திறந்து கிடக்கிறது. தொட்டதும் கோப்புகள் வரிசையாக வந்தன, யாரோ ஒரு அம்மாவின் அடையாள அட்டைப் படம் உட்பட. பிரிண்ட் எடுக்க வந்த கம்பஸ் பிள்ளையின் லப்டொப் அது, உபுண்டு லினக்ஸில் ஓடுவது. முதல் நாள் இரவு தோழிக்குக் கோப்பு அனுப்பப் பைத்தானின் சின்ன வெப் சேர்வரை ஓடவிட்டு, நிறுத்த மறந்திருக்கிறார். உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் மென்பொருள்) கூடவே வருகிறது, ஆனால் முடக்கித்தான் தருகிறார்கள். ஏன்?

நெல்லியடியான்:
அண்ணை, புதிதாக நிறுவிய உபுண்டுவில் வெளியிலிருந்து தொடக்கூடிய சேவை அநேகமாக ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளை தானாகத் திறந்ததுதான் பிரச்சினை. நான் ஒரு பள்ளிக்கூடக் கணினி லாப்பில் ஓப்பன்சூசே என்ற இன்னொரு லினக்ஸ் போட்டேன். அதில் ஃபயர்வால் இறுக்கம். நெட்வேர்க்கில் பிரிண்டரைத் தேட உதவும் 5353 ஆம் போர்ட் அடைபட்டதால் பிரிண்டர் தெரியவில்லை. ஒரு மாதம் கழித்துப் போனால், ஆசிரியர் ஃபயர்வாலை முழுதாக நிறுத்தியிருக்கிறார். இறுக்கி என்ன பயன்?

மானிப்பாய்:
2003 ஆகஸ்ட், பிளாஸ்டர் வேர்ம், நெட்வேர்க் வழியாகத் தானே பரவும் வைரஸ். விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தது, இயக்காமல் விட்டிருந்தார்கள். 135 ஆம் போர்ட் வழியாக வந்தது, 60 விநாடி எண்ணும், மெஷின் அணைந்து மறுபடி தொடங்கும். அடுத்த ஆண்டு சர்வீஸ் பேக் 2 என்ற பெரிய அப்டேட்டில்தான் இயக்கியே கொடுத்தார்கள்.

நெல்லியடியான்:
அதற்கான திருத்தம் ஜூலையிலேயே வந்துவிட்டதே. போட்டிருந்தால் ஃபயர்வால் தேவைப்பட்டிருக்காது.

மானிப்பாய்:
தம்பி, நான் அப்போது நெட் கஃபேயில் வேலை. டயல்-அப்பில் திருத்தம் பாதி இறங்கும்போதே 60 விநாடி எண்ணத் தொடங்கிவிடும். மறுபடி முதலிலிருந்து. ஃபயர்வாலை இயக்கிய பிறகுதான் ஒருமாதிரி இறக்கி முடித்தோம். திருத்தம் போடாத மெஷின் எந்தக் காலத்திலும் இருக்கும்.

சந்திக்கடை:
நெல்லியடியான், பிரிண்டர் கதை உண்மை. ஆனால் அது ஃபயர்வால் விதியை எழுதியவரின் பிழை. நேற்று கடை உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூவை இயக்கிப் பார்த்தேன். 8000 வெளியிலிருந்து திறக்கவில்லை. பிரிண்டர் வழமைபோல வந்தது, 5353க்கு அதன் விதிகளிலேயே அனுமதி இருக்கிறது. மறதி எல்லாருக்கும் வரும், அதற்குத்தான் கேட்கிறேன்.

நெல்லியடியான்:
சரி, பிரிண்டர் விசயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போனையும் கணினியையும் இணைக்கும் கேடிஈ கனெக்டுக்கு 1714 முதல் 1764 வரையான போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும். அது வேலை செய்யாவிட்டால் சனம் ஃபயர்வாலையா சந்தேகிக்கும்? அடைத்ததை அடைத்தேன் என்று திரையில் சொல்லட்டும், பிறகு இறுக்கட்டும்.

சந்திக்கடை:
ஓம், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது வரும்வரைக்கும் திறந்து விடச் சம்மதமில்லை. அந்தப் பிள்ளையின் லப்டொப்பில் இயக்கிக் கொடுத்துவிட்டேன்.