குளிர் வந்ததும் மைலேஜ் விழுந்த வண்டிகள்: அனுபவப் பகிர்வு

ஸ்பேனர்
பெட்ரோல் கார். லிட்டருக்கு 16 தந்தது, குளிர் தொடங்கியதும் 13. பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. டாஷ்போர்டு வெப்ப முள் நடுவில் நின்றதால் தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவத்தை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) யாரும் சந்தேகப்படவில்லை. வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டி ஓட்டியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. சிக்னலில் கூலன்ட் 88 டிகிரி. ஹைவேயில் வேகம் பிடித்ததும் 81, 74, 68... முள் மட்டும் இம்மி அசையவில்லை! ஹீட்டர் காற்றும் வெதுவெதுப்பாகிவிட்டது. தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டது. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று ஈசியூ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) அதற்கேற்பக் கூடுதல் பெட்ரோல் விடுகிறது. கூலன்ட் போதிய சூடு எட்டவில்லை என்று சொல்லும் பி0128 பழுதுக் கோடும் விழவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கியர்பாக்ஸ்
68 என்று பார்த்ததும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடாதீர்கள் சார், கூலன்ட் வெப்பத்தை அளக்கும் சென்சாரும் பொய் சொல்லும். இங்கே ஒரு வண்டியில் இரவு முழுக்க நின்ற பிறகு சாவி போட்டால் இன்ஜினுக்குள் வரும் காற்று 9 டிகிரி, கூலன்ட் மைனஸ் 14! இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். சென்சார் கனெக்டரில் பச்சைக் களிம்பு. களிம்பு ஏறினால் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) கூடும். கூடினால் ஈசியூவுக்கு அது குளிர் என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்ததும் கறுப்புப் புகை, பிளக் முனையில் கரி, ஃப்யூயல் டிரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) மைனஸ் 12. சுத்தம் செய்ததோடு சரியாயிற்று.

ஸ்பேனர்
ஹீட்டர் காற்றும் ஆறிப்போனதே, சென்சார் பொய் சொன்னால் அது நடக்குமா?

நாலாம்சக்கரம்
எதையும் கழற்றும் முன் டயரைப் பாருங்கள். 5, 6 டிகிரி குறைந்தால் 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) போகும். 25 டிகிரியில் 33 அடித்த டயர் மைனஸ் 5-இல் 28தான் காட்டும். வண்டி ஓடாத நேரத்தில் அளக்க வேண்டும்; ஓடிய சூட்டில் அளந்தால் கணக்கு தப்பும். அடுத்து, நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிடும் பழக்கம். அரை நிமிடம் போதும், பிறகு ஆக்சிலேட்டரை மிதமாக அழுத்தி ஓட்டினாலே சீக்கிரம் சூடேறும். ஆயில் 5டபிள்யூ-30 என்று கையேட்டில் இருந்தால் 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான ஆயில் ஊற்றாதீர்கள். எல்லாம் சரியாக உள்ள வண்டிக்கே மைனஸ் 7-இல் நகர ஓட்டத்தில் சுமார் 15 சதவீதம் குறையும். ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டம் மட்டும் என்றால் 24 வரை போகும். அதைப் பழுது என்று துரத்தினால் காசுதான் கரையும்.

லக்நட்
மைலேஜ் விழுந்த ஒரு வண்டியில் பின்சக்கரம் ஒன்று மட்டும் கை வைக்க முடியாத சூடு. பிரேக் பேடை அழுத்தும் காலிபர் நகரும் பின்னில் (சிறு தண்டு) கிரீஸ் இறுகி பிரேக் பிடித்தபடியே ஓடியிருக்கிறது. ஜாக்கியில் தூக்கிச் சுற்றினாலே தெரியும்.

ஸ்பேனர்
தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிவிட்டு ஓட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம், திறந்தபடி சிக்கியதும் இதுவும் ஒன்றுதான். புதியதை மாட்டும் முன் வெந்நீரில் போட்டுப் பாருங்கள்: 82 என்று பொறித்திருந்தால் 82-ஐ ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். மாட்டிய பின் கூலன்ட்டில் சிக்கிய காற்றை வெளியேற்ற மறந்தால் ஹீட்டர் மறுபடி ஆறிப்போகும், நல்ல தெர்மோஸ்டாட் மீது பழி விழும்.